பனிக்கட்டியால் நிறுத்த வெப்பம்

பரவைக் காய்கறி மார்க்கெட்டில் சித்திரை வெயிலில் நிற்கும் நமக்கு, வீட்டைச் சூடாக்கி அந்தச் சூட்டை மீட்டர் வைத்து அளக்கும் நாடுகள் உண்டென்றால் நகைப்பே வரும். எனினும் அந்த மீட்டரின் கதை நம் ஏசி வரை நீள்கிறது.

1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் சூடான பொருளைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, உருகி வடிந்த நீரை நிறுத்தனர். அந்நீரின் எடையே வெப்பத்தின் கணக்காயிற்று. ஒரு கிலோ உருக ஏறத்தாழ 80 கிலோகலோரி.

பின்னாளில் அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கே வந்தது. டியூடர் நிறுவனம் அதற்காக 1842இல் எழுப்பிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். வணிகம் மறைந்தும் அளவு மறையவில்லை. ‘ஒன்றரை டன் ஏசி’ என்பதை எடையென மயங்குவோர் உளர், (நாமும் மயங்கியதுண்டு!) ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பமே அது: மணிக்கு 12,000 பி.டி.யூ.

குளிர்நாடுகளில் சுடுநீர்க் குழாயில் அமரும் மீட்டர், இங்கே பெருங்கட்டடங்களின் குளிர்நீர்க் குழாயில் அமர்கிறது. ஓடிய நீரின் அளவை, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்குகிறது. நீர் 7 டிகிரியில் போய் 12இல் திரும்பினால், 1000 லிட்டருக்கு 5000 கிலோகலோரி. வேறுபாடு வெறும் ஐந்தே டிகிரி என்பதால், இரண்டு உணரிகளும் இணையாகச் சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அரை டிகிரி பிசகினால் கட்டணத்தில் பத்திலொரு பங்கு பிசகும். அதைக் கட்டுபவர் அங்கே வாடகைக்கு இருப்பவர்.