நூறு என்று எழுதிய தாள்

வானொலியில் கிரிக்கெட் வருணனை கேட்டவாறே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் ஓட்டங்களைக் குறித்து வைத்த பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மாதுங்காவில் இருந்தாலும் சரி, கரோல்பாகில் இருந்தாலும் சரி, ஆட்டத்தைக் கண்ணால் காணாத நமக்கு அந்த எண்களே ஆட்டம். அவ்வாறு எண்களாலும் ஒரு வானொலிக் குரலாலும் மட்டுமே உயிரோடிருக்கும் ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டத்தின் கதையை இன்று சொல்ல விரும்புகிறோம்.

1962-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் இரவு, பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்னும் சிற்றூர். சாக்லேட் ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. பிலடெல்பியா வாரியர்ஸ் குழு, ஆதரவாளர்களைப் பெருக்கும் பொருட்டு, தன் நகரத்தை விட்டுச் சில ஆட்டங்களை அங்கே நடத்தி வந்தது. எதிர்த்து வந்தது நியூயார்க் நிக்ஸ். வந்திருந்த மக்கள் 4,124 பேர். தொலைக்காட்சி இல்லை, நியூயார்க் பத்திரிகைகள் நிருபர்களையும் அனுப்பவில்லை.

அவ்விரவு வாரியர்ஸ் குழுவின் வில்ட் சேம்பர்லின் தனி ஒருவராக 100 புள்ளிகள் எடுத்தார். 25 வயது, ஏழடி ஓரங்குல உயரம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.யில் அந்த எண்ணை அதற்கு முன்னும் பின்னும் எவரும் எட்டியதில்லை.

இதன் பெருமையை உணரப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1950 நவம்பர் 22-ஆம் நாள் போர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் குழு மினியாபொலிஸ் லேக்கர்ஸ் குழுவை 19-க்கு 18 என்ற கணக்கில் வென்றது. இரு குழுவினரும் 48 நிமிடங்களில் எடுத்தவை வெறும் 37 புள்ளிகள்! பந்தைக் கைப்பற்றிய குழு, வீசாமல் அதைத் தம்முள்ளேயே சுற்றிக் கொண்டிருப்பதைத் தடுக்க விதி ஏதும் இல்லை. கூட்டம் கொட்டாவி விட்டதில் வியப்பில்லை. சிரக்யூஸ் குழுவின் உரிமையாளர் டானி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். சுவையான ஆட்டம் ஒன்றில் இரு குழுவும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை வீசுகின்றன, ஆட்ட நேரமோ 2,880 விநாடி, வகுத்தால் 24. ஆகவே 24 விநாடிக்குள் வீசியாக வேண்டும் என்னும் விதி 1954-இல் வந்தது. ஓர் எளிய வகுத்தல் விளையாட்டின் நடையையே மாற்றிவிட்டது. ஹெர்ஷியில் இரு குழுவும் சேர்ந்து எடுத்தவை 316 புள்ளிகள்: வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147.

இனி ஏட்டைப் புரட்டுவோம். சேம்பர்லின் கூடையை நோக்கி வீசியவை 63, விழுந்தவை 36. கூடைக்கு இரண்டு வீதம் 72 புள்ளி. எதிரியின் ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்கள் 32. அவற்றுள் 28 விழுந்தன. ஆக நூறு. இந்த 28-தான் நம்மை வியக்க வைக்கிறது. ஃப்ரீ த்ரோவில் அவர் கெட்டிக்காரர் அல்லர். தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் ஏறத்தாழப் பாதியைத் தவறவிட்டவர். அவ்விரவு மட்டும் நான்கே தவறின. நான்கு கால் பகுதிகளில் அவர் எடுத்தவை 23, 18, 28, 31.

மற்றவர்களின் வரிகளையும் நாம் படிக்க வேண்டும். அல் ஆட்டில்ஸ் எட்டு முறை வீசி எட்டையும் கூடையில் போட்டார், ஒரே ஃப்ரீ த்ரோவையும் தவறவிடவில்லை, 17 புள்ளி. வேறொரு நாளாயின் இதுவே பேச்சாகியிருக்கும். கை ரோட்ஜர்ஸ் பிறர் கூடை போடும்படி 20 முறை பந்தைக் கொடுத்தார். நிக்ஸ் தரப்பில் ரிச்சி கெரின் 39, கிளீவ்லாந்து பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. தோற்ற குழுவில் மூவர் முப்பதைத் தாண்டினர் என்பது பலருக்கு நினைவில்லை.

இறுதி நிமிடங்கள் அழகாக இருந்தன என்று நாம் சொல்ல மாட்டோம். பந்து சேம்பர்லினிடம் போகாதிருக்க நிக்ஸ் ஆட்டக்காரர்கள் மற்ற வாரியர்ஸ் வீரர்கள்மீது வேண்டுமென்றே ஃபவுல் செய்தனர். பந்தை விரைவில் திரும்பப் பெற வாரியர்ஸும் அவ்வாறே செய்தது. நிக்ஸ் பயிற்சியாளர் எடி டானவன் இதைக் கேலிக்கூத்து என்றே பழித்தார். அவர் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. எனினும் 63 வீச்சையும் வீசிய கை ஒன்றுதானே.

அசையும் படம் ஒன்றுகூட இல்லாததால் இந்த ஆட்டம் நடந்ததா என்றே ஐயுறுவோர் உண்டு. சான்றுகள் சில. ஹார்வி பாலக் என்பவர் அன்று குழுவின் கணக்கரும் விளம்பர அதிகாரியும். அதே இரவில் இரு செய்தி நிறுவனங்களுக்கும் ஒரு நாளிதழுக்கும் செய்தி அனுப்பியவரும் அவரே. ஆட்டம் முடிந்தபின் ஒரு தாளில் 100 என்று கையால் எழுதிச் சேம்பர்லினிடம் கொடுத்தார். பார்வையாளராக வந்திருந்த படக்காரர் பால் வாதிஸ் அதைப் படமெடுத்தார். வானொலியில் பில் காம்பெல் ஆட்டத்தை வருணித்தார். நள்ளிரவில் மறு ஒலிபரப்பான இறுதிக் கால் பகுதியை ஒரு மாணவர் ஒலிநாடாவில் பிடித்து வைத்தார். அந்த நாடாவால் காப்பாற்றப்பட்ட வருணனையை 2016-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. வானொலி நேயர்களாகிய நமக்கு இதில் சற்றுப் பெருமை கொள்ள உரிமை உண்டல்லவா?

எண்ணப்படாதவையும் உள்ளன. எதிரியின் வீச்சைக் கையால் தடுத்து வீழ்த்துவதில் சேம்பர்லின் பெருந்திறலாளர். ஆனால் அத்தகைய தடுப்புகளை என்.பி.ஏ. முறையாக எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். அவரோ 1973-லேயே ஆட்டத்தை விட்டு விலகினார். ஆகவே அவருடைய தடுப்புகள் எத்தனை என்பதற்குச் சங்கத்தின் ஏட்டில் ஒரு வரியும் இல்லை. ஹெர்ஷியில் எத்தனை வீழ்த்தினார் என்பதற்கும் இல்லை.

நூறாவது புள்ளியைத் தந்த கூடை, ஆட்டம் முடிய 46 விநாடி இருக்கையில் விழுந்தது. அதற்குப் பந்தைக் கொடுத்தவர் ஜோ ரக்லிக், பெரும்பாலும் பலகையில் அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர். மக்கள் களத்துக்குள் ஓடி வந்து சேம்பர்லினைச் சூழ்ந்தபோது ரக்லிக் கணக்கர் மேசைக்குச் சென்று, தாம் பந்து கொடுத்தது ஏட்டில் ஏறியதா என்று பார்த்துக்கொண்டாராம். ஏறியிருந்தது: புள்ளி 0, கொடுத்தது 1.