நாஸ்டர்ஷியம்: கேமரன் மலைக் குளிரில் ஒரு கொடியும் அதன் உறவும்

மக்கள் ஓரிடம் விட்டு மற்றோரிடம் குடிபெயர்ந்த போதெல்லாம் அவர்களோடு விதைகளும் பெயர்ந்துள்ளன. பெயர்ந்த மக்களின் வரலாற்றைப் பதிவேடுகளில் தேடுகிறோம்; பெயர்ந்த செடிகளின் வரலாற்றை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலை போன்ற குளிர்நிலங்களில் நன்கு வளரும் நாஸ்டர்ஷியம் என்னும் பூங்கொடியின் கதை, இவ்விரு வரலாறுகளும் கூடும் இடத்தை நமக்குக் காட்டுவதாகும்.

இக்கொடியின் இலை வட்டமானது. காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் நடுப்பகுதியில் சேர்ந்திருக்கும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் வழக்கு இதற்கும் பொருந்தும். பனித்துளி இதன்மேல் ஒட்டாது முத்துப்போல் உருண்டோடும். பூ மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களிற் பூக்கும். பின்புறம் வால்போல் நீண்ட தேன்குழல் ஒன்று உண்டு. இலை, பூ, பிஞ்சுக்காய் மூன்றும் உண்ணத்தக்கவை. மூன்றிலும் மிளகை ஒத்த காரம் உண்டு.

இதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அங்குள்ள மக்கள் இதே இனத்தைச் சேர்ந்த ‘மாஷுவா’ என்னும் கிழங்கை நெடுங்காலமாகப் பயிரிட்டு உண்டு வருகின்றனர். இவ்வினத்தின் சிறிய வகையொன்று 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை அடைந்தது. செவில் நகர மருத்துவர் மொனார்தேஸ் அதனைப் பற்றி எழுதினார். இன்று பரவலாக வளர்க்கப்படும் பெரிய வகை 1684இல் ஒல்லாந்துக்கு வந்தது. 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் அதற்குத் ‘திரோப்பியோலம் மாஜஸ்’ என்று பெயரிட்டார். பண்டைய வெற்றித் தூண்களில் தொங்கவிட்ட பகைவரின் கேடயமும் தலைச்சீராவும் இதன் இலையையும் பூவையும் கண்டபோது அவர் நினைவுக்கு வந்தன.

ஆயினும் ஐரோப்பியப் பொதுமக்கள் இதனை ‘இந்தியக் கீரை’ என்றே வழங்கினர். இந்தியாவுக்கும் இக்கொடிக்கும் பிறப்பால் தொடர்பு ஏதுமில்லை. கொலம்பஸ் தாம் கண்ட நிலத்தை இந்தியா என்று கருதியதன் விளைவாக அமெரிக்கப் பொருள்கள் பலவற்றுக்கு இப்பெயர் ஒட்டிக்கொண்டது. ‘நாஸ்டர்ஷியம்’ என்பதும் இரவற் பெயரே. அது இலத்தீனில் காரமான வேறு கீரைக்கு உரியது. மூக்கை வருத்துவதால் அப்பெயர் பெற்றதென உரோமானிய அறிஞர் பிளினி விளக்குகிறார். தாவர நூலில் இன்று அப்பெயர் நீரில் வளரும் கீரையொன்றுக்கு உரியதாய் இருக்கிறது.

அந்த நீர்க்கீரையும் கேமரன் மலையில் பயிராகிச் சந்தைக்கு வருகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சீனர் அதனைச் ‘சாய் யோங் சோய்’ என்பர். மேலைக்கடற் கீரை என்பது அதன் பொருள். மேலைநாட்டார் ஒரு கீரையை இந்தியாவின் பெயராலும், சீனர் மற்றொன்றை மேலைநாட்டின் பெயராலும் அழைத்தனர். அயலிலிருந்து வந்தது என்ற ஒன்றையே இரு பெயர்களும் சொல்லுகின்றன.

கேமரன் மலையின் தோட்ட வரலாறும் வந்து சேர்ந்தோரின் வரலாறுதான். செமாய் முதலிய பழங்குடி மக்கள் அம்மலைப் பகுதியில் முன்னரே வாழ்ந்திருந்தனர். 1885இல் அளவையாளர் வில்லியம் கேமரன் அங்குச் சென்றார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அதனைப் பார்வையிட்ட பின்னரே குளிர்வாச நகராக்கும் முயற்சி வலுப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் துறையில் பழகிய மில்ன் என்பவரோடு கூடி ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்திக் கொழுந்து பறித்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர் முதன்மையானவர். உதவி பெற்றுத் தொழிலாளர் வெளியேறுவதை 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரையில், தமிழகத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது.

ஆங்கிலேயர் தங்கிய குளிர்மலைகளிலெல்லாம் தம் நாட்டுப் பூந்தோட்டத்தை மீண்டும் உண்டாக்க முயன்றனர். நீலகிரியில் நாஸ்டர்ஷியம் தோட்ட வேலியைக் கடந்து தானே பரவிய செடியாகிவிட்டது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலுள்ள தானா ராத்தாவின் தட்பமும் இதற்கு ஏற்றதே. துரை பங்களாவின் பூந்தோட்டத்துக்கு வாசிக்கக்கூடிய வரலாறு உண்டு. படங்கள் உண்டு, நினைவுக் குறிப்புகள் உண்டு. அப்பூப்பாத்தியைக் கொத்தி நீர் வார்த்தவர் இரவில் தம் லயத்தில் எதைச் சமைத்தார், லயத்தை அடுத்த சிறு நிலத்தில் எதை நட்டார் என்பதற்கோ எழுத்துச் சான்று அரிது.

இவ்விடத்தில் தாவர நூல் நமக்கு வியப்பான ஒரு செய்தியைத் தருகிறது. பங்களாப் பூவென நாம் ஒதுக்கிவைக்கும் இக்கொடி, நம் அடுக்களைப் பொருள்கள் பலவற்றுக்கு உறவு. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு, முருங்கை, பப்பாளி, நாஸ்டர்ஷியம் யாவும் ‘பிராசிக்கேல்ஸ்’ என்னும் ஒரே பெருவரிசையைச் சேர்ந்தவை. கந்தகம் கலந்த ஒருவகைச் சேர்மம் இவற்றின் இலையிலோ விதையிலோ உண்டு. திசு நசுங்கும்போது அதனோடு ஒரு நொதி கலந்து காரத்தை உண்டாக்குகிறது. பப்பாளி விதையை மென்றவர் அக்காரத்தை அறிவர். அவ்விதையிலுள்ள சேர்மமும் நாஸ்டர்ஷியத்தில் உள்ளதும் ஒன்றே. மனிதர் அறியுமுன் இவ்வுறவை அறிந்தது புழு: முட்டைக்கோசைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, நாஸ்டர்ஷியம் இலையையும் தின்னும்.

ஆகவே இதனைச் சமைக்கும் முறையையும் நம் பெண்டிர் முன்பே அறிந்தவராவர். பச்சைக் கடுகை அரைத்தால் காரம் ஏறுகிறது. எண்ணெயிற் பொரித்தால் அடங்குகிறது. வெப்பம் நொதியை அழிப்பதே காரணம். நாஸ்டர்ஷியம் இலைக்கும் அதே விதி. இளந்தளிரைப் பொடியாக அரிந்து தயிர்ப்பச்சடியில் கலக்கலாம். துவையலில் அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்க்கலாம். நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் சுவை போய்விடும். பிஞ்சுக்காயைக் காடியில் ஊறவைத்து ஊறுகாய் ஆக்குவது ஐரோப்பிய வழக்கு. இங்கிலாந்தின் ஜான் ஈவ்லின் 1699இல் வெளியிட்ட ‘அசெட்டாரியா’ என்னும் பச்சைக்கீரை நூலிலேயே இக்கொடிக்கு இடமுண்டு. பூச்சிமருந்து தெளித்த பாத்தியிலுள்ளதை மட்டும் உண்ணலாகாது. உண்ணுதற்குத் தனியே விதைத்துக்கொள்வதே நன்று.

வளர்ப்பும் எளிது. பெரிய விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் நிலையான இடத்திலேயே ஊன்றவேண்டும். பிடுங்கி நடுவதை இது பொறுக்காது. எருவை மிகுதியாக இட்டால் இலை தழைக்கும், பூ குறையும். மெலிந்த மண்ணே பூவுக்கு ஏற்றது. வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. தாழ்நாட்டு வெப்பத்தில் வாடும் இது குளிர்மலையில் நெடுநாள் பூக்கும்.

தமிழ் நாவில் இக்கொடி இன்னமும் ஆங்கில வழக்கில் உள்ள பெயராலேயே வழங்குகிறது. அதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர் பலர். தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டு நகரங்களுக்குச் சென்றுவிட்டன. லயத்துப் பாத்தியில் என்ன விளைந்தது, ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த விதை எது, மலைக்குளிரில் முருங்கை தழைக்காதபோது அதற்கு ஈடாக எந்தக் கீரையைக் கொண்டனர் என்பவற்றை அறிந்த முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.

செடிக்கு ஏடு எழுதிய அறிஞர் பலர் இருந்தமையால், ஆண்டிஸ் மலையில் தொடங்கிய ஒரு கொடியின் பயணத்தை நாம் ஆண்டு குறித்துச் சொல்ல முடிகிறது. அக்கொடிக்கு நீர் வார்த்தவரின் சமையலைச் சொல்ல நமக்கு அத்தகைய ஏடு இல்லை. தோட்டப் பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் வீட்டு முதியோரை அமர்த்தி, அவர்கள் நட்டவற்றையும் சமைத்தவற்றையும் பெயரோடும் செய்முறையோடும் எழுதி வைப்பாராயின், மலாயாத் தமிழர் வரலாற்றில் எழுதப்படாத பக்கங்களுட் சில நிரம்பும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். காலந்தான் நெடிதில்லை.