நீலகிரி மலையில் விண்துகள் எண்ணும் கதை



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ஹாஸ்டல் நினைவுகளை எழுத நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஜேடர்பாளையத்துக்காரனான நான் வேறொன்று சொல்கிறேன். நம்ம ஊர் அணைக்கட்டைத் தாண்டி ஓடும் காவிரித் தண்ணீரில் ஒரு பங்கு நீலகிரி மழை. மாயாறு, பவானி வழியாக வந்து சேருகிறது. அந்த மலைமேல் நடக்கும் ஒரு பெரிய ஆராய்ச்சி நம்மில் பலருக்குத் தெரியாது. நமக்கு ஊட்டி என்றால் பூங்கா, படகுச் சவாரி, வர்க்கி. அதோடு சரி!

1912ல் விக்டர் ஹெஸ் பலூனில் சுமார் 5,300 மீட்டர் உயரம் ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அதுதான் காஸ்மிக் கதிர். விண்ணிலிருந்து வரும் ஒரு துகள் காற்றில் மோதி உடைந்து, பல்லாயிரம் துகள்களாக மழைபோல் இறங்கும். கீழே வர வரக் காற்று அதை விழுங்கிவிடும். ஆகவேதான் மலை தேவைப்படுகிறது.

நம் நாட்டில் இதற்கு வித்திட்டவர் ஹோமி பாபா. அவர் 1945ல் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர் பி.வி. ஸ்ரீகண்டன். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் மியூவான் துகள்களை அளந்தார். 1950களில் ஊட்டியிலும் ஆய்வகம் வந்தது. ஒரு பக்கம் பாதாளம், ஒரு பக்கம் மலை! 1960களின் கடைசியில் பழைய சர்ச்லைட் கண்ணாடிகளை வைத்தே ஊட்டியில் காமா கதிர் தேடினார்கள். அந்த வழியில்தான் 2024ல் லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள 'மேஸ்' தொலைநோக்கி திறக்கப்பட்டது.

இப்போது ஊட்டியில், 2,200 மீட்டர் உயரத்தில் இயங்குவது 'கிரேப்ஸ்-3'. ஜப்பானியருடன் கூட்டு முயற்சி. ஒரு சதுர மீட்டர் அளவுள்ள சுமார் 400 சின்டிலேட்டர்கள். பக்கத்தில் 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712, மேலே கான்கிரீட் அடுக்கு. கான்கிரீட்டைத் துளைத்து வருவது மியூவான் மட்டுமே. காமா கதிர் கிளப்பும் மழையில் மியூவான் மிகக் குறைவு. இதை வைத்தே வந்தது காமாவா, மற்ற துகளா என்று பிரிக்கிறார்கள். தினம் சுமார் 400 கோடி மியூவான் பதிவாகிறது. எலக்ட்ரானிக்ஸ் படித்த எனக்கு இதைவிடப் பெருமை, சின்டிலேட்டரை வெளிநாட்டில் வாங்காமல் ஊட்டியிலேயே தயாரித்ததுதான்.

2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. கணக்குப் போட்டால் மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட்! நம் வீட்டு லைனில் வருவதோ 230. இடிமேகத்தில் இவ்வளவு இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1929லேயே ஊகித்தார். 2019ல் வெளியான ஊட்டி ஆய்வு அதை அளந்து காட்டியது.

ஒரு வருத்தமும் உண்டு. 1965ல் காற்றுமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் பதிவு செய்தவற்றுள் ஒன்று கோலார். அந்தச் சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும், மக்கள் எதிர்ப்பிலும் வழக்கிலும் சிக்கி நின்றுபோனது. யார் பக்கம் நியாயம் என்று வழக்காட நான் வரவில்லை. ஆனால் மலையையும் தண்ணீரையும் நம்பிப் பிழைக்கிறவன் கேள்வி கேட்கத்தான் செய்வான். அவனுக்குப் புரிகிற தமிழில், முதலிலேயே, உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கணும். அது விஞ்ஞானியின் வேலை மட்டுமில்லை. படித்த நம்முடைய வேலையும்தான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, அனுமதி வாங்கி, அந்த ஆய்வகத்துக்கு அழைத்துப் போவோம். பஸ் செலவில் என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.