காத்திருப்பு என்னும் பண்டம்: லைக்காவும் அதன் போட்டியாளர்களும்

'லைக்காவுக்கு ஒரு போட்டி வந்துவிட்டது' என்ற வாக்கியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் அனாதைச் சிறுவர்கள் இருக்கிறார்கள், போரில் தோற்ற ஒரு நாட்டின் லென்ஸ் தொழிலாளிகள் இருக்கிறார்கள், கடைசியாக, கடைக்கு வராத ஒரு காமிராவுக்காக 2010-11இல் ஆறு மாதம் தவம் கிடந்த நடுத்தர வர்க்கம் இருக்கிறது. இந்தக் கடைசிக் கூட்டத்தில் நானும் உண்டு. அதனால் இது வெளியே நின்று எழுதும் விமர்சனம் அல்ல.

முதலில் கருவி. வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் ஆலையில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், 1914 வாக்கில், சினிமாப் பிலிமைப் போட்டுப் படமெடுக்கும் சிறிய காமிரா ஒன்றைச் செய்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் அது லைக்காவாக அறிமுகமானது. 1932இல் அதோடு 'ரேஞ்ச்ஃபைண்டர்' இணைக்கப்பட்டது. தூரத்தை அளக்கும் ஏற்பாடு இது: முகப்பில் இரண்டு ஜன்னல்கள், ஒரே பொருளின் இரண்டு பிம்பங்கள். லென்ஸைத் திருகத் திருக ஒன்று நகர்ந்து மற்றதன் மேல் பொருந்தும். பொருந்தினால் ஃபோகஸ் சரி. கண் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. 1954இல் வந்த எம்3இல் சட்டகத்தின் எல்லை வெறும் ஒளிக்கோடுதான். கோட்டுக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே நுழையப்போகிறவனையும் வெளியே விடப்பட்டவனையும் சேர்த்துப் பார்த்தபடியே படம் எடுக்கலாம். விளிம்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் இந்த ஜன்னலைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

முதல் போட்டியாளர்களில் எனக்குப் பிடித்தது உக்ரைனின் கார்கிவ் நகரத்துக் காமிராதான். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தெருவில் விட்ட சிறுவர்களைக் கொண்டு கல்வியாளர் மகரென்கோ அங்கே ஒரு உழைப்புக் கம்யூனை நடத்திவந்தார். அவர்கள் லைக்காவை அக்கக்காகப் பிரித்து, திருகுக்குத் திருகு பார்த்து, 1934இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் ஃபெட்: கம்யூன் யார் பெயரைத் தாங்கியிருந்ததோ அந்த ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ட்ஸெர்ஷின்ஸ்கியின் முதலெழுத்துகள். சோவியத் ரகசியப் போலீஸை நிறுவியவர் பெயரில் அனாதைப் பிள்ளைகள் செய்த காமிரா! இந்த முரணை எந்தப் பக்கமும் சாய்க்காமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு ஜெர்மன் ஆலையின் ரகசியம் கார்கிவ் சிறுவர்களின் கைத்திறனாக மாறியது என்பதும் உண்மை, அந்தக் கைத்திறனுக்கு அரசு தன் முத்திரையைக் குத்தியது என்பதும் உண்மை.

வெட்ஸ்லாரிலும் கதை சுத்தமானதல்ல. நாஜி ஆட்சியில் லைட்ஸ் குடும்பம் யூத ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காப்பாற்றியது. அதே ஆலையில் போர்க்காலத்தில் உக்ரைனிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். முதல் பாதிதான் அதிகம் சொல்லப்படுகிறது.

ஜப்பானில் 1936இல் ஹன்ஸா கேனன், 1948இல் முதல் நிக்கான். 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானிய லென்ஸ்களைப் பயன்படுத்தியபோதுதான் மேற்கு நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1959இல் வந்த நிக்கான் எஃப் கண்ணை லென்ஸுக்குப் பின்னாலேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. கொஞ்ச காலத்தில் பத்திரிகைக்காரர்களின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போயாச்சு. தொழிலுக்கான தேவை குறையக் குறைய லைக்கா ஆடம்பரப் பொருளானது. 2000இல் லைக்கா கம்பெனியின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கியது ஹெர்மெஸ் - கைப்பையும் பட்டுத்துண்டும் விற்கிற பாரிஸ் நிறுவனம். இதைவிடத் தெளிவாக ஒரு பண்டம் தன் வர்க்கத்தை அறிவிக்க முடியாது.

புகைப்படம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்று வால்டர் பெஞ்சமின் முப்பதுகளில் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அழிந்த ஒளிவட்டம் எங்கே போனது? அழித்த கருவியின் தலைக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

டிஜிட்டல் காலத்தில் முதல் போட்டி, வேடிக்கையாக, அச்சுப்பொறிக் கம்பெனியிடமிருந்து வந்தது. 2004இல் எப்ஸன் ஆர்-டி1: 6 மெகாபிக்ஸல், உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர், நகர்த்தப் பிலிமே இல்லாவிட்டாலும் ஷட்டரைத் தயார்செய்ய இழுக்கும் நெம்புகோல். 2006இல் லைக்கா எம்8 வந்தது. அது அகச்சிவப்பு ஒளியைச் சரியாகத் தடுக்காததால் கறுப்புச் செயற்கை நூல் துணிகள் மெஜந்தாவாகப் பதிந்தன (நம்ம ஊர்க் கறுப்புச் சட்டைக்காரர்கள் மாநாட்டுக்கு ஆகாத காமிரா). கம்பெனி வாங்கியவர்களுக்கு இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. 2009இல் எம்9, லென்ஸ் இல்லாமலே சுமார் 7,000 டாலர்.

இந்த இடத்தில்தான், 2010 செப்டம்பரில் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில், ஃப்யூஜிஃபிலிம் எக்ஸ்100ஐ அறிவித்தது. உலோக மேல்மூடி, ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரம், லென்ஸைச் சுற்றி அபர்ச்சர் வளையம், மூலையில் ஒரு ஜன்னல். பின்னால் அறிவித்த விலை 1,199 டாலர். எல்லாரும் 'ஏழைகளின் லைக்கா' என்றார்கள். அன்றைய மதிப்பில் சுங்கம் சேர்க்காமலே சுமார் 54,000 ரூபாய். எந்த ஏழை என்று யாரும் கேட்கவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வாங்காமலே காத்திருந்தேன். அதுவும் ஒருவகை நுகர்வுதான்.

ஆனால் இந்தப் போட்டியாளரிடம் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. இரண்டு பிம்பங்கள் பொருந்துவதில்லை, எந்திரமே ஃபோகஸ் செய்துகொள்ளும். கார்கிவ் சிறுவர்கள் லைக்காவின் இயக்கத்தைப் பிரதியெடுத்தார்கள். 2010இல் பிரதியெடுக்கப்பட்டது லைக்காவின் முகம். இன்னொன்று: பிலிம் சந்தையை இழந்த இந்தக் கம்பெனி தன் பிலிம்களான ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா ஆகியவற்றின் பெயர்களைக் காமிராவுக்குள் நிறத் தெரிவுகளாக வைத்தது. பொருள் போனபின் பெயர் உழைக்கிறது. போத்ரியா இதற்குக் கட்டுரை எழுதத் தேவையில்லை, விளம்பரத் தாளே போதும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் பத்திரிகைகளின் வழக்கமான தீர்ப்பு ஆகிவிடும். 'எல்லாம் நுகர்வுக் கலாச்சாரம் தோழர்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அது நியாயமில்லை. எக்ஸ்100இன் ஜன்னல் அசலான கண்டுபிடிப்பு. கண்ணாடி வழியே நேரடியாகப் பார்க்கலாம். அதன் மேலேயே மின்னெழுத்துகளும் சட்டகக் கோடும் மிதக்கும். முன்னாலுள்ள ஒரு நெம்பைத் தட்டினால் முழு மின்திரையாக மாறும். கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் மறுபடி தெரிந்தார்கள். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் அநேகமாக இல்லை. ஊர்வலத்திலும் சாவு வீட்டிலும் படம் எடுத்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். வேட்கை பொய்யாக இருக்கலாம், ஜன்னல் பொய்யில்லை.

அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட ஆறு மாதத்தில் காமிரா கையில் இல்லை, பேச்சு மட்டும் இருந்தது. சக்கரம் திரும்பும் சத்தத்தைக்கூட விவரித்தார்கள். யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்பது அந்தச் சொல்லாடலில் இடம்பெறவில்லை. 2011 மார்ச்சில் காமிரா கடைக்கு வரத் தொடங்கியது. மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கம், சுனாமி. 18,000 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எக்ஸ்100ஐச் செய்த ஆலை மியாகி பகுதியில், செண்டாய்க்கு அருகே, தைவா என்ற ஊரில் இருந்தது. உற்பத்தி நின்றது. காத்திருந்தவர்களுக்கு முதன்முதலாக ஒரு ஊர்ப்பெயர் கிடைத்தது. கிடைத்த வேகத்தில் அது 'தாமதத்துக்கான காரணம்' ஆனது. ஏற்கெனவே வெளிவந்திருந்த சில காமிராக்கள் பட்டியல் விலைக்கு மேல் கைமாறின. சந்தைக்கு நிலநடுக்கம் என்பது சரக்குத் தட்டுப்பாடு. சக்கரத்தைத் தொட ஏங்கிய விரல்கள், அந்தச் சக்கரத்தைப் பொருத்திய விரல்கள் என்ன ஆயின என்று கேட்டதாக நான் பார்த்த பேச்சுகளில் இல்லை.

பிறகு காத்திருப்பே அந்த வரிசையின் அடையாளம் ஆகிவிட்டது. 2020இல் வந்த ஐந்தாவது மாடல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இளைஞர்களின் மோகப்பொருளாகி, கிடைக்காமல் போனது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஆறாவது மாடல் சீனாவில் பொருத்தப்பட்டது. அதில் தனிப்பதிப்பாக 1,934 காமிராக்கள் மட்டும், ஒவ்வொன்றும் 1,999 டாலருக்கு. 1934 கம்பெனி தொடங்கப்பட்ட ஆண்டு. கார்கிவ் கம்யூனில் ஃபெட் வெளிவந்த ஆண்டும் அதுவே. தனிப்பதிப்பின் மேல்மூடியில் கம்பெனியின் பழைய முத்திரையையும் ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரு வரிசை எண்ணையும் பொறித்தார்கள்.