ஆங்கில இலக்கியம் படித்தால் டீச்சர் வேலை மட்டும்தானா?

இங்கிலீஷ் படித்தால் டீச்சர் வேலை நிச்சயம் என்பது, சாதாரணதரப் பெறுபேறு வரும் வாரத்தில் மாத்தளைப் பக்கம் அதிகம் கேட்கும் பேச்சு. பொய்யில்லை, ஆங்கில ஆசிரியருக்கு எப்போதும் தேவை உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பதை அந்த ஒரு வேலைக்கான வழியாக மட்டும் பார்ப்பதால், போரிலும் கலவரங்களிலும் அடிபட்ட நமக்கு மிகவும் தேவைப்படும் ஆட்களை உருவாக்காமலே விடுகிறோம் என்பது என் எண்ணம்.

முதலில் வாசலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் இரண்டு ஆங்கிலம் உண்டு. எல்லோரும் எழுதும் பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது. கலைப்பிரிவின் மூன்று பாடங்களில் ஒன்றாக எடுக்கும் 'ஆங்கிலம்' வேறு. அதில் பெரும்பகுதி கவிதை, நாடகம், நாவல். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகத் தொடர விரும்புபவருக்குக் கைகொடுப்பது இந்த இரண்டாவதுதான். இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்த பெற்றோரை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். தோட்டப்புறப் பாடசாலைகளில் இந்தப் பாடத்தை நடத்த ஆசிரியர் இருப்பது அரிது. அதனால் பிள்ளைக்கு அப்படியொரு பாடம் இருப்பதே தெரியாமல் போகிறது.

மாவட்ட ஒதுக்கீடும் நமக்குச் சாதகமாக இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் வருகின்றன, மாத்தளை வரவில்லை. எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளையும் மாத்தளை நகரின் பெரிய பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அங்கே போனால் என்ன படிப்பார்கள்? 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தபோது, ஆங்கிலத்துறையின் பேராசிரியராக இருந்தவர் ஈ.எப்.சி. லுடோவைக். கேம்பிரிட்ஜில் படித்தவர், ஷேக்ஸ்பியரை மேடையேற்றியும் கற்பித்தவர். ஒரு பக்கத்தைச் சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையிலிருந்து வந்தது. இன்று ஆங்கிலத்துறைகளில் இலங்கையர் எழுதிய ஆங்கிலம், காலனியம், பெண்ணியம், சினிமா எல்லாம் உண்டு. பொதுப்பட்டம் மூன்று வருடம், சிறப்புப்பட்டம் நான்கு வருடம். பாட நிபந்தனைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைந்நூலைப் பார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

இப்படிப் படித்த தமிழர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? பேராதனையில் படித்த ஏ.ஜே. கனகரட்ணா டெய்லி நியூஸில் பத்திரிகையாளராக இருந்தார். பிறகு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். 1983இல் அரசு தடைசெய்த சற்றடே றிவியூ வார இதழோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே இரு திசையிலும் மொழிபெயர்த்தவர். ஊடகவியல் படித்த எனக்கு, அந்தப் பட்டத்தைவிட அவர் எழுத்துகள் கற்றுத்தந்தது அதிகம். செல்வா கனகநாயகம் பேராதனையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ஈழத்து எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்தார். 2014இல் காலமானார். பேராதனையின் ஆங்கிலப் பேராசிரியர் சிவமோகன் சுமதி 'இங்கிருந்து' படத்தில் மலையகத் தமிழரின் கதையை எடுத்தார்.

சுரேஷ் கனகராஜாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1984 முதல் 1994 வரை யாழ். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். மின்சாரமும் தாளும் கிடைக்காத காலம் அது. வெளிநாட்டு ஆய்விதழ்களோ ஒரு கட்டுரைக்குப் பல பிரதிகள் கேட்டன, தபால் போய்வருவதே பெரும்பாடு. அந்தத் தடைகளையே ஆய்வுப் பொருளாக்கி 2002இல் ஒரு நூல் எழுதினார். போர்ப் பிரதேசத்து அறிவு உலக அரங்குக்கு எட்டாததற்குத் தரம் மட்டும் காரணமல்ல என்று அதில் காட்டினார்.

நம் போர் பேசப்பட்ட இடங்களிலும் மொழியே தடையாக இருந்தது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது, 2013இல் பரணகம ஆணைக்குழு வந்தது. இரண்டிலும், தாய்மார் தமிழில் சொன்னதற்கும் மொழிபெயர்ப்பில் பதிவானதற்கும் இடையே இடைவெளி இருந்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. சொல் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 'காணாமல் போனார்' என்றால் போனவர் தாமே போனதாகிவிடும். 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்றால் ஆக்கிய ஒருவர் இருக்கிறார். 'மகன் சரணடைந்தான்' என்று எழுதினால் தாய் அந்த வாக்கியத்திலேயே இல்லை. 'மகனை நான் இராணுவத்திடம் ஒப்படைத்தேன்' என்றால் அவள் கண்கண்ட சாட்சி. யார் செய்தது, யாருக்குச் செய்தது, எந்தச் சொல் அதை மறைக்கிறது என்று தேடுவதுதான் ஆங்கிலத்துறையில் கவிதையை வைத்துத் தரும் பயிற்சி. வெறும் இலக்கணம் தெரிந்தவரால் இதைப் பிடிக்க முடியாது. மொழிபெயர்ப்புச் செயலியாலும் நம்பிச் செய்ய முடியாது.

மேலே நான் சொன்ன பெயர்களில் தோட்டத்துப் பிள்ளை ஒருவரும் இல்லை என்பதை மாத்தளை வாசகர் கவனித்திருப்பார். இங்கும் அந்தத் தேவை குறைவில்லை. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவர்கள், அங்கே போருக்குள்ளும் அகப்பட்டார்கள். அவர்களுடைய முன்னோர் மன்னாரில் இறங்கி நடந்து வந்த பாதை மாத்தளையில்தான் மலையேறுகிறது. 2023இல் தலைமன்னாரில் புறப்பட்ட மலையகம் 200 நடைபயணமும் இங்கேதான் முடிந்தது. அந்த மக்கள் எப்படி வந்தார்கள், வழியில் எப்படி இறந்தார்கள் என்ற பதிவுகள் பெரும்பாலும் துரைமாரின் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கோப்பிக் காலத் தொழிலாளர் பற்றி டொனோவன் மோல்ட்ரிச் 1989இல் எழுதிய நூலும் ஆங்கிலம். சி.வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டக் கவிதைகளும் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தன. பிறகு சக்தீ பாலையா தமிழுக்குக் கொண்டுவந்தார். நம் கதையை நாமே வாசிக்க முடியாமல் இருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வேலை என்று கேட்டால்: ஆசிரியர், விரிவுரையாளர், அரச மொழிபெயர்ப்பாளர், நீதிமன்ற உரைபெயர்ப்பாளர், செய்தியாளர், தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதுபவர். 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வராது. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் படித்தவருக்கு இந்தக் கதவுகளில் பாதி திறக்காது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்க வழியில்லாமல் போனவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலக் கற்கைகள் உண்டு. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. மாத்தளையிலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம்.