கசின் தீவு: தென்னந்தோப்பு காப்பகமான வரலாறு

கசின் தீவு இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த சிறு தீவு. பிராலின் தீவிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 27 ஹெக்டேர். தீவுச் சுற்றுலாவின் வருமானத்தைக் கொண்டே காட்டுயிர்களைக் காக்க முடியுமா என்ற கேள்விக்கு நீண்டகாலச் சான்றாக இத்தீவைக் காட்டுவதுண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இது கொப்பரைக்கான தென்னந்தோப்பாக இருந்தது. தென்னைக்கு இடையூறு என்று பிற மரக்கன்றுகள் வெட்டப்பட்டன. கடற்பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளும் உணவுக்காக எடுக்கப்பட்டன. செஷல்ஸ் கதிர்க்குருவி என்னும் சிறு பறவை இலைகளின் அடிப்பக்கத்தில் உள்ள பூச்சிகளைத் தின்று வாழ்வது. காடு அழிந்ததும் அதற்கு இரை குறைந்தது. 1960களில் உலகம் முழுவதிலும் 30க்கும் குறைவான கதிர்க்குருவிகளே எஞ்சின. அவை அனைத்தும் இந்த ஒரு தீவில்தான் இருந்தன.

1968ஆம் ஆண்டு பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு மன்றம் (இன்றைய பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல்) தீவை விலைக்கு வாங்கியது. ஒரு பறவைக்காக ஒரு தீவையே வாங்குவது அக்காலத்தில் அரிது. அதன்பின் செய்யப்பட்ட வேலை மிக எளியது. தென்னங்கன்றுகளை அகற்றி, பிற மரங்களை வளரவிட்டார்கள். பைசோனியா மரங்கள் தீவை மூடின. நம் ஊர் வீடுகளில் வெளிர்பச்சை இலைகளோடு நிற்கும் லச்சக்கொட்டைக் கீரை மரமும் இந்தப் பேரினமே. காடு திரும்பியதும் குருவிகள் பெருகின. தீவில் சுமார் 320 பறவைகள் ஆனதும் இடம் போதவில்லை. 1988இல் அரீட் தீவுக்கும், 1990இல் அருகிலுள்ள கசீன் தீவுக்கும் 29 பறவைகள் வீதம் கொண்டுசெல்லப்பட்டன. (பிரெஞ்சு மொழியில் கசின், கசீன் இரண்டும் ஒரே உறவுச் சொல்லின் ஆண்பால், பெண்பால் வடிவங்கள்.) 2004இல் டெனிஸ் தீவிலும் 2011இல் ஃப்ரெகேட் தீவிலும் குடியமர்த்தல் தொடர்ந்தது. 2015இல் இப்பறவை செம்பட்டியலில் 'அச்சுறு நிலையை அண்மித்தது' என்ற வகைக்கு மாற்றப்பட்டது.

சுற்றுலாவும் அதன் கட்டுப்பாடுகளும்

1971இல் மாகே தீவில் பன்னாட்டு விமான நிலையம் திறந்ததும் செஷல்சுக்குப் பயணிகள் வரத் தொடங்கினர். கசினிலும் பயணிகள் அனுமதிக்கப்பட்டனர். 1975இல் தீவு சட்டப்படி சிறப்புக் காப்பகமானது. இங்கே விடுதியோ கடையோ கிடையாது; பயணிகள் இரவு தங்கவும் முடியாது. பிராலினிலிருந்து வரும் படகுகள் கரையை அணையக்கூடாது. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, காப்பகத்தின் படகிலேயே காவலர்கள் பயணிகளைக் கரைக்கு அழைத்து வருகின்றனர். காரணம் எலி. வந்த படகில் ஓர் எலி ஒளிந்திருந்தாலும் தரையில் கூடுகட்டும் பறவைகள் பாழாகும். பயணிகளுக்குச் சற்றுத் தொல்லைதான். ஆனால் இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்றவை வீண் என்பதே என் கருத்து.

நுழைவுக் கட்டணம் காவலர் ஊதியத்துக்கும் ஆய்வுக்கும் செல்கிறது. 1998இல் தொடங்கப்பட்ட நேச்சர் செஷல்ஸ் என்ற உள்நாட்டு அமைப்பு இன்று தீவை நிர்வகிக்கிறது. பிராலினின் படகோட்டிகளுக்கும் விடுதிகளுக்கும் இதனால் பிழைப்பு உண்டு.

ஆமையும் கைவினைஞரும்

பாதுகாப்பின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதை ஆமை விஷயத்தில் காணலாம். அழுங்காமையின் ஓட்டிலிருந்து சீப்பு, நகை, பெட்டி செய்வது செஷல்சில் பழைய தொழில். 1994இல் கடலாமைகளுக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு வந்தபோது அத்தொழில் நின்றது. அரசு கைவினைஞர்களிடமிருந்த ஓடுகளை விலைக்கு வாங்கி, இழப்பீடும் வேறு தொழிலுக்கு உதவியும் அளித்தது. வாங்கிய ஓடுகள் 1998இல் பொதுவில் எரிக்கப்பட்டன. வெறும் தடையோடு நின்றிருந்தால் கள்ள வேட்டைதான் வளர்ந்திருக்கும். பிற இடங்களில் பெரும்பாலும் இரவில் முட்டையிடும் அழுங்காமை, செஷல்சில் பகலிலேயே கரையேறுகிறது. ஆமைக்கு இது ஆபத்தான பழக்கம். முன்பு எளிதில் பிடிபட்டதும் இதனால்தான். இன்று அதே காட்சி பயணிகளை ஈர்க்கிறது. கசினில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில பத்துகளாக இருந்த ஆமைக் கூடுகள் இப்போது நூற்றுக்கணக்கில் உள்ளன.

2020இல் பெருந்தொற்றால் செஷல்சின் எல்லைகள் மூடப்பட்டதும் கட்டண வருமானம் நின்றுபோனது. ஆயினும் கடற்கரை ரோந்தும் ஆமைக் கணக்கெடுப்பும் நிறுத்தக்கூடிய வேலைகள் அல்ல. அந்த மாதங்களில் அவற்றுக்கான பணத்தை வேறு வழிகளில் தேட வேண்டியதாயிற்று.