கல்லில் பெயரில்லாதவர்கள்: மலையகத் தோட்டங்களில் திருச்சபையின் தொடக்கம்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றியதை 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். இந்த வழக்குக்குப் பெருந்துணையாக நிற்பது ஜே. டபிள்யூ. பால்டிங் எழுதி 1922-இல் வெளிவந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) நூற்றாண்டு வரலாறு. மிஷன் நிலையங்களும் மிஷனரிமாரின் வரிசையுமே அந்நூலின் முதுகெலும்பு. அதன்படி, கோப்பித் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். சங்கம் மிஷனரியை அனுப்பியது. லயங்களில் இருந்தவர்கள் விசுவாசத்தைப் பெற்றுக்கொண்டார்கள். முதல் இரண்டையும் மறுக்க இடமில்லை. உபதேசிமாரின் செலவைத் துரைமாரின் சந்தா தாங்கியது. மிஷனரியின் ஊதியத்தைச் சங்கம் ஏற்றது. மூன்றாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ் அறிந்த ஊழியர்தாம் தேவையென்றால், அவர்கள் யாழ்ப்பாணத்திலேயே கிடைத்திருப்பார்கள். அங்கே 1818 முதல் நல்லூரில் சி.எம்.எஸ். பணி நடந்துவந்தது. ஆனால் மிஷனை நடத்த வந்த செப்டிமஸ் ஹாப்ஸ் திருநெல்வேலியில் ஊழியம் செய்தவர். தொடக்க கால உபதேசிமாரும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே வரவழைக்கப்பட்டார்கள். தொழிலாளரில் ஒரு பகுதியினர் அந்தச் சீமையிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களாகவே கடல் கடந்து வந்திருந்தார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அப்படியானால் மிஷன் விசுவாசத்தைப் புதிதாக விதைக்கவில்லை. மேய்ப்பர் இல்லாதிருந்த சபைகளைத் தேடிப் போயிற்று. இது நேர்ச்சான்று அல்ல, சூழ்நிலைச் சான்று. ஆயினும் பால்டிங்கின் வரிசையால் விளக்க முடியாத இந்தத் தெரிவை இது விளக்குகிறது.

பின்னர் நேர்ந்த இரண்டு நெருக்கடிகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 1876-இல் கொழும்புப் பேராயர் கொப்பிள்ஸ்டன், கூலி மிஷன் மீதான அதிகாரம் பற்றிய தகராறில் சி.எம்.எஸ். குருமாரின் உரிமங்களை மீட்டுக்கொண்டார். அந்தப் பிணக்கு தீரச் சில ஆண்டுகள் ஆயின. 1869-இல் தோன்றிய இலைநோயோ அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. சந்தா கொடுத்த கைகள் பலவும் வெறுங்கையாயின. அதிகாரமும் பணமும் ஆட்டம் கண்ட அந்தக் காலத்தைத் தோட்டச் சபைகள் தாண்டி வந்தன. பின்னாளில் தேயிலைத் துரைமார் உதவினார்கள் என்று மறுமொழி சொல்லலாம். அந்த உதவி வந்து சேரும்வரை சபையைக் கட்டிக் காத்தவர்கள் யார் என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும். மாலையில் வேலை முடிந்ததும் லயத்தில் விளக்கேற்றி ஜெபம் நடத்திய உபதேசியாரையும், அவருக்குச் சோறிட்ட குடும்பங்களையும் தவிர வேறு விடை எனக்குப் புலப்படவில்லை.

வரலாறு இவர்களைத் தவறவிட்டதற்குப் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறை ஒன்று விளக்கம் தருகிறது. 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பகுதியில் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு இறந்த கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனும் அங்கேயே துயில்கிறார். இருவர் பெயரும் நடுகல்லில் நிலைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் கன்னி மரியாளின் கோலத்தில் ஜூலியா படமெடுத்த பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரைக் கலை வரலாறு இன்றும் சொல்கிறது. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் நிற்கும் உழைப்பாளிகளோ பெரும்பாலும் பெயரின்றி, ஊராலும் தொழிலாலும் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். கேமரனின் கலையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. கல்லும் தலைப்பும் யாருக்குப் பெயர் கொடுத்தனவோ அவர்களையே தொடங்கியவர்களாக எண்ணிவிடும் பழக்கத்தைத்தான் சுட்டுகிறேன். 1878-இல் எழுந்த டிக்கோயா வார்லி கிறிஸ்து ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தை வாசிக்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

ஆகவே 1854-ஐ மிஷன் என்ற அமைப்பின் தொடக்கமாக ஏற்கலாம். மலையகத் தமிழரின் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு அந்த ஆண்டைப் பொருத்த முடியாது. அவ்வழிபாடு குடும்பம் குடும்பமாக, கங்காணியின் கூட்டத்தோடு, வெவ்வேறு காலத்தில் மலையேறியது. அதற்கு ஒரே ஆண்டைக் குறிக்க முயல்வது வீண். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது, அந்த விசுவாசம் அவர்களில் சிலரோடு மறுபடியும் கடல் கடந்தது. ஒருவர் விட்டுச்செல்லும் விசுவாசத்தை அவர் கல்லறையைக் கொண்டு அளப்பது நியாயமல்ல. அளக்க வேண்டுமானால், இருபுறத்துச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அருகருகே வைத்து, பெற்றோர் பெயரையும் பூர்வீக ஊரையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். மலையகத் திருச்சபையின் வரலாற்றை அங்கிருந்துதான் புதிதாக எழுதத் தொடங்க முடியும்.